செல்போன் இல்லை, செல்

பூங்கொடி அக்கா இறந்துபோன செய்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியாக எனக்கு வந்தது. டெங்கு காய்ச்சல் முற்றி அவரை முந்தைய நாள் மாலை வேலூருக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியும். இரண்டு நாளில் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, "நம் பள்ளியின் முன்னாள் மாணவி, செல்போன் சிக்னல் ஆராய்ச்சியில் விரைவில் முனைவர் பட்டம் பெறவிருந்த பூங்கொடி, இன்று அதிகாலை காலமானார்" என்றார். பிறகு இரண்டு நிமிட மௌனம்.

அந்த இரண்டு நிமிடமும் நான் அழவில்லை. செல்போன் என்ற சொல்லையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு நின்றேன். இருபத்தொன்பது வயதில் இறந்துபோனவரின் வேலையைப் பற்றி ஊர் சொன்ன ஒரே வாக்கியம் தவறாக இருந்தது. கையைத் தூக்கி "தப்பு மேடம்" என்று நானும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதில் பாதி என்மேல்தான்.

நூலக வாசகர் வட்டத்தின் இந்தக் கையெழுத்து இதழைப் படிக்கிற உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். சிலர் அவரிடம் உங்கள் செல்போனை நீட்டி, "எங்க தெருவுல டவரே எடுக்க மாட்டேங்குது, இன்னான்னு பாரு" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஆராய்ந்தது செல்போனை அல்ல. செல்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்தச் செல். அதிலும் ஈஸ்ட் என்ற ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். அந்தச் செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் நொதிகள் ஒன்றுக்கொன்று எப்படிச் சொல்லிக்கொள்கின்றன என்பதுதான் அவருடைய ஆறு வருட வேலை. நொதிகள் அப்படிச் சொல்லிக்கொள்வதற்குப் பெயர் சிக்னலிங். செல், சிக்னல். இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டதும் எங்கள் ஆரணி ஊரே செல்போன் கோபுரம் ஏறிவிட்டது.

நான் அவருடன் சேர்ந்தது தட்டச்சு செய்வதற்காக. ஆய்வேட்டை எழுதி முடிக்க அக்கா ஊருக்கு வந்து ஐந்து மாதம் தங்கியிருந்தார். ஆய்வேடு முழுக்க ஆங்கிலம். அதோடு தமிழில் பத்துப் பக்கச் சுருக்கம் ஒன்றும் எழுத நினைத்தார். பல்கலைக்கழகம் கேட்டு அல்ல, அவராகவே. தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்ய அவருக்கு வராது. நூலகத்தில் நான் ஒரு கட்டுரைப் போட்டிக்குத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ரைட்டர், எனக்கும் கொஞ்சம் அடிச்சுக் குடுப்பியா?"

"எவ்ளோ பக்கம்க்கா?"

"பத்து. ஆனா ஒரு கண்டிஷன். உனக்குப் புரியாத வரிய அடிக்காத. நிறுத்து. நான் வேற மாதிரி சொல்றேன்."

"எனக்குப் புரிஞ்சா போதுமா?"

"உனக்குப் புரிஞ்சா எங்க நைனாவுக்குப் புரியும்."

அவருடைய அப்பா ஏழுமலை பட்டுச் சேலைக் கட்டுகளை வேலூருக்கு ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எட்டாவது வரை படித்தவர், செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். மகளுடைய வேலையைத் தன் கண்ணால் படிக்க அவருக்கு ஏதாவது வேண்டும் என்று அக்கா நினைத்தார். அந்தச் சுருக்கம் அவர் ஒருவருக்காகவே எழுதப்பட்டது.

அதனால் நான் புரியவில்லை புரியவில்லை என்று சொல்வதே என் வேலையானது. முதல் பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. 'கைனேஸ்' என்று வந்ததும் நிறுத்தினேன். ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கை ஒட்டிவிடும் நொதி என்று சொன்னார். ஒட்டினால் என்ன ஆகும் என்றேன். சில புரதம் விழித்துக்கொள்ளும், சில புரதம் தூங்கிவிடும், எந்த இடத்தில் ஒட்டியது என்பதைப் பொறுத்தது என்றார். நான் அதை அப்படியே அடித்தேன். அந்தப் பக்கத்தில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஒருமுறை எனக்கு நல்ல யோசனை தோன்றியதாக நினைத்து நானே ஒரு வரி சேர்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. அதனால் 'தறியில் நெசவாளி பாவு நூலை நிறுத்தி ஓட்டுவதுபோல நொதி செல்லை நிறுத்தி ஓட்டுகிறது' என்று எழுதினேன். அக்கா படித்துப் பார்த்துவிட்டு அழித்தார்.

"ஏன்க்கா, நம்ம ஊருக்குப் புரியுமே."

"நம்ம ஊர்க்காரன்னா எல்லாத்துக்கும் தறியத்தான் இழுத்துகினு வரணுமா? தறிய ஓட்ட ஒரு ஆள் இருக்காரு. இங்க ஆளே இல்லடி. யாரும் ஓட்டாம ஓடுது, யாரும் நிறுத்தாம நிக்குது. அதுதான் நான் சொல்ல வந்ததே. நீ ஒரு வரியில அதைக் கொன்னுட்ட."

அன்று அவர் குரல் உயர்ந்தது. போன் பழுதுபார்க்கச் சொன்னவர்களிடம்கூட உயராத குரல்.

அவர்களும் வராத வாரம் இல்லை. ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து போனை மேசைமேல் வைத்தார்.

"பூங்கொடி, ஜல்தியா பாரு கண்ணு. பையன் துபாய்ல இருந்து கூப்புடுவான், ரெண்டு நாளா பேஜாரா இருக்குது."

அக்கா வாங்கினார். ஏரோப்ளேன் மோடில் இருந்ததை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தியா, இதுக்குத்தான் படிப்பு வேணும்றது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீங்க சொல்லவே மாட்டீங்களாக்கா, உங்க வேலை இது இல்லன்னு?"

"ஆறு வருஷம் சொன்னேன். 'ஓ, அப்படியா'ன்னுட்டு போன நீட்டுவாங்க. தெரியாம இருக்கிறது தப்பே இல்ல. லேப்ல எனக்குத் தினமும் தெரியாது. தெரிஞ்சதா நெனச்சிகினு கேக்காம போறாங்க பாரு, அதுதான் வருத்தம்."

வருத்தம் என்றுதான் சொன்னார். கோபம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் அவருக்கு வராத கோபமும் சேர்த்து எனக்கு வந்தது.

அவருடைய மடிக்கணினியில் ஈஸ்ட் படங்கள் இருந்தன. பேக்கரியில் மாவைப் பொங்க வைப்பது மொட்டுவிட்டுப் பெருகும். அக்காவினுடையது வேறு வகை. மாத்திரைபோலக் கோல் வடிவம். இரண்டு முனையிலும் நீண்டு, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்ததும் நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகிவிடும். அந்த நீளம் வருவதற்கு முன் பிரியாமல் ஒரு நொதி பிடித்து வைத்திருக்கிறது. பிரிக்க வேண்டிய நொதியின்மேல் அது பாஸ்பேட்டை ஒட்டி உறங்க வைக்கிறது. வளர்ந்த பிறகு இன்னொரு நொதி வந்து அந்தப் பாஸ்பேட்டைப் பிய்த்து எடுக்கிறது. உடனே செல் பிரிகிறது.

பிடித்து வைக்கும் நொதி கெட்டுப்போன செல்களின் படத்தைக் காட்டினார். பாதி வளர்த்தியிலேயே பிரிந்து, எல்லாம் குட்டி குட்டியாக இருந்தன. பிய்த்து எடுக்கும் நொதி கெட்டவை பிரியவே தெரியாமல் நூடுல்ஸ்போல நீண்டுகொண்டே போயிருந்தன. நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். பிறகு, "நம்ம உடம்புலயும் இதே நொதிங்கதான், பேரு மட்டும் கொஞ்சம் மாறும். அங்க பிடிச்சு வைக்கிறது தவறினா கேன்சர் வரைக்கும் போவும், நீ சிரிக்க மாட்ட" என்றார். அதையும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். நான்காம் பக்கத்தின் கடைசி வரி அது.

ஆறாம் பக்கத்தில்தான் அவருடைய சொந்தக் கேள்வி வந்தது. உணவு குறைந்தால் செல் என்ன செய்யும்? அது முழு நீளம் வரும்வரை காத்திருப்பதில்லை. சாப்பாடு இல்லை என்ற செய்தி நொதிக்கு நொதி கைமாறிப் பிடித்து வைக்கும் நொதியிடம் போய்ச் சேருகிறது. பிடி தளர்கிறது. செல் குட்டையாக இருக்கும்போதே பிரிந்துவிடுகிறது. அந்தச் செய்தி எந்த வழியாகப் போகிறது, நடுவில் யார் யார் என்று தேடியதுதான் அவர் ஆய்வு. நான் 'பாவம், பசியில் வாடும் செல் முழுமையாக வளர முடியாமல் பிரிந்துவிடுகிறது' என்று அடித்தேன்.

"பாவத்த எடு" என்றார்.

"ஏன்க்கா?"

"அது தோத்துப் போவல. இருக்கிறத வெச்சு இந்த அளவு போதும்னு முடிவு பண்ணுது. குட்டையா பிரிஞ்சதும் உயிரோடதான் இருக்குது. நான் படிக்கிறப்ப எங்க வீட்டப் பாத்து இந்த ஊரு எத்தினி தடவ பாவம் பாவம்னுச்சு தெரியுமா? அந்த வார்த்த எனக்கு வேணாம்."

எடுத்தேன். எட்டாம் பக்கத்தின் முதல் வரியில் இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. "ரெண்டு நாள் லீவு ரைட்டர்" என்று சொல்லி அனுப்பினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அக்காவின் படத்துக்குப் பக்கத்தில், அவர் உயரத்துக்கு இரண்டு மடங்காக, ஒரு செல்போன் கோபுரம். உச்சியிலிருந்து வளையம் வளையமாக அலை போய்க்கொண்டிருந்தது. கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழுதுகொண்டே கட்டினார்கள். அதனால் அவர்களைத் திட்டவும் முடியாமல் நின்றேன். ஒரு பெண் ஆறு வருடம் எதைப் பார்த்தாள் என்று அவளிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு, அந்தப் பேனரைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட எப்படி இத்தனை பொறுமை இருந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பேனர் கிழிந்து போய்விடும். ஆனால் அடுத்த மாதம் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்துக்கு அக்கா பெயர் வைக்கிறோம் என்று முன்னாள் மாணவியர் முடிவு செய்தார்கள். கறுப்புக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்க ஏற்பாடு. கல் வந்து தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்ததைத் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள்தான் பார்த்தேன். 'பூங்கொடி ஏழுமலை' என்று மேலே. அதன் கீழே, 'செல்போன் சிக்னல் ஆராய்ச்சியாளர்'.

கல் கிழியாது. இனி அந்த ஆய்வகத்தில் நுழையும் ஒவ்வொரு வகுப்பும் இதைப் படிக்கும். இன்னும் ஐம்பது வருடத்துக்கு அக்காவின் வேலை செல்போன்தான். யார் எழுதிக் கொடுத்தது என்று அலுவலகத்தில் கேட்டேன். அவருடைய அப்பா கையெழுத்தில் ஒரு தாளைக் காட்டினார்கள்.

அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டோ வாசலில் நின்றது. உள்ளே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கல்லுல செல்போன்னு போட்டிருக்குது."

"ஆமாமா. நான்தான் எழுதிக் குடுத்தேன். இன்னா, எழுத்து தப்பா?"

"அக்கா செல்போன் பத்திப் படிக்கலப்பா."

அவர் என்னையே பார்த்தார். "செல் சிக்னலுன்னு அதுதானேம்மா சொல்லிச்சு? வேலூர் ரோட்டுல கண்ணமங்கலம் தாண்டினா லைன் கட்டாவுது, எங்க பொண்ணு வந்து சரிபண்ணும்னு ஸ்டாண்டுல அத்தினி பேராண்டையும் சொல்லிகினு இருந்தேனே."

அதுவரை என் கோபம் எல்லோர்மேலும் சமமாக இருந்தது. இவர்மேல் அது போகவில்லை. நான் பையிலிருந்து தாள்களை எடுத்து, இது உங்களுக்காக அக்கா எழுதியது என்று சொல்லி, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவர் இரண்டு இடத்தில் மட்டும் "மறுக்காப் படி" என்றார். ஒன்று, யாரும் ஓட்டாமல் ஓடுகிறது என்ற இடம். மற்றொன்று ஆறாம் பக்கம்.

படித்து முடித்ததும் சட்டையை மாட்டினார். "வா, ஸ்கூலுக்குப் போலாம்."

தலைமையாசிரியை அறையில் நாற்காலி வரிசைக்கும் மாலைக்கும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அறிவியல் ஆசிரியையும் இருந்தார். கல்லில் இருக்கும் வரி தவறு என்று சொன்னோம்.

"நீங்கதானே ஏழுமலை எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க மேடம். தப்பா குடுத்துட்டேன். நம்ம பொண்ணு படிச்சது ஈஸ்ட்டுங்க."

"ஈஸ்ட்டுன்னு போட்டா பேக்கரி வெச்சிருந்தாங்களான்னு கேப்பாங்க. நாளைக்குக் காலைல விழா."

நான் குறுக்கே பேசினேன். "உயிரணு ஆராய்ச்சியாளர்னு போடலாம் மேடம். அகராதியில அதுதான் இருக்குது."

அறிவியல் ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைமையாசிரியை என்னை முறைத்தார். "அந்த வார்த்தைய பஸ் ஸ்டாண்டு சுவத்துல எந்த ஆஸ்பத்திரிக்காரன் எதுக்கு எழுதியிருக்கான்னு தெரியுமா உனக்கு? பொண்ணுங்க ஸ்கூல் இது."

தெரியும். குழந்தையில்லாதவர்களுக்கான விளம்பரம் அது, ஆணின் விந்தணுவை அதில் உயிரணு என்று எழுதியிருக்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறேன். ஒரு சொல்லைச் செல்போன் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்னொன்றை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்கா செய்த வேலைக்கு மிச்சம் ஒரு சொல்லும் இல்லையா? உயிரியல் நடத்தும் அறையின் சுவரில் உயிரணு என்று எழுத வெட்கப்பட்டால் அந்த அறையில் எதை நடத்துவார்கள்? இதையெல்லாம் நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

தலைமையாசிரியை சமாதானமாக, "ஒண்ணு பண்ணலாம். 'போன்' மட்டும் செதுக்கி எடுத்துடச் சொல்றேன். செல் சிக்னல் ஆராய்ச்சியாளர். இப்ப சரியா வந்துடுச்சில்ல?" என்றார்.

எழுத்துக்கு எழுத்து அது சரி. பதில் சொன்னவர் ஏழுமலை.

"வேணாங்க மேடம். அப்பவும் போனுன்னுதான் படிப்பாங்க. நானே இத்தினி வருஷம் அப்படித்தானே படிச்சேன். பெத்தவன் நான்."

"அப்ப இன்னா பண்றது, சொல்லுங்க."

"சரியா போட முடிஞ்சா போடுங்க. முடியலன்னா அந்த வரியே வேணாம். பேரு மட்டும் இருக்கட்டும். தப்பா ஒண்ணு சொல்றதுக்கு ஒண்ணும் சொல்லாம இருக்கலாம்."

அப்படியே நடந்தது. சாயங்காலம் கல் வேலைக்காரர் வந்து இயந்திரத்தால் அந்த வரியைத் தேய்த்தார். மறுநாள் விழாவில் திரை விலகியபோது அக்காவின் பெயரும், அதன் கீழே பளபளப்பு இல்லாத ஒரு சாம்பல் நிறப் பட்டையும் தெரிந்தன. பிறகு சரியான வரியை வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். இன்றுவரை வெட்டவில்லை. இரண்டு முறை கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார்கள்.

அதனால் அந்தப் பட்டையில் இருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். 'ஈஸ்ட் செல் எப்போது பிரிய வேண்டும் என்பதை நொதிகள் எப்படி முடிவு செய்கின்றன என்று ஆராய்ந்தவர்.' நீளமாக இருக்கிறது என்பீர்கள். நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இதைவிட நீளமாக அதே சுவரில் இருக்கிறது.

அக்காவினுடையது என்று என்னிடம் ஏழு முழுப் பக்கங்களும் எட்டாம் பக்கத்தில் ஒரு பாதி வரியும் இருக்கின்றன. அந்த வரி, 'உணவு மறுபடியும் கிடைத்ததும் அந்தச் செல்' என்று நிற்கிறது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவருடைய ஆங்கில ஆய்வேட்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இருபது முறை அகராதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை ஆட்டோவை எங்கள் வீட்டு முன் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"அப்பால இன்னா ஆச்சும்மா அந்தச் செல்லு? சாப்பாடு கெடச்சதும் இன்னா பண்ணுது?"

"எனக்கு இன்னும் தெரியலப்பா. படிச்சிகினு இருக்கேன்."

"சரி. தெரிஞ்சப்பறம் சொல்லு. அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் பாதி வரியை நான் வைத்திருக்கிறேன். அதை முடிக்காமல் விட மாட்டேன்.